ஏழாம் எண் படம்

தங்கராஜு முப்பத்து மூன்று வருடமாகப் பார்க்கும் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். செம்பனைக் குலை பழுத்திருக்கிறதா இல்லையா என்று அவர் சொல்வார். கோலா சாவாவுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணெய் ஆலையில் லோரிகள் குலைகளைக் கொட்டும் சிமெண்டுத் தளத்தில், கையில் இரும்புக் கொக்கியோடு காலை ஏழு மணிக்கு நின்றாரென்றால் மாலை மூன்று வரை இதே வேலைதான். பழம், காய், அழுகல். இந்த மூன்று சொல்லைத் தாண்டி நாலாவது சொல்லை அவரிடமிருந்து வாங்க முடியாது என்று லோரிக்காரர்கள் சொல்வார்கள்.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. குலையின் மேற்பக்கத்தை மட்டும் பார்த்துத் தரம் சொல்லக் கூடாது. மேலே சிவந்திருக்கும். புரட்டினால் அடிப்பக்கம் கருப்பாக இறுகிக் கிடக்கும். ஆகவே புரட்டித்தான் பார்க்க வேண்டும். லோரிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவரைப் பக்கத்தில் நிறுத்தி, அவர் கண் முன்னாலேயே மறுபடியும் புரட்ட வேண்டும். அவர் இல்லாதபோது தரத்தை மாற்றக் கூடாது. தங்கராஜு இந்த முறையை மீறியதில்லை. அதற்காக அவரைப் பெரிய மனிதர் என்று சொல்வதற்கில்லை. வேலை தெரிந்தவர், அவ்வளவுதான். மூன்றாம் படிவம் வரை படித்தவர், ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிப்பார், கோபம் வந்தால் பேசமாட்டார்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில், நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், ஆலையில் ஒருவருக்கு நோய் கண்டது. தங்கராஜுவைப் பத்து நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். பின்னறையில் தனியாக உட்கார்ந்து கைத்தொலைபேசியைத் தள்ளிக்கொண்டிருந்தவர் கண்ணில் செவ்வாயில் ஓர் ஊர்தி இறங்கிய செய்தி பட்டது. அதிலிருந்து நூல் பிடித்துப் போய், அந்த ஊர்தி அனுப்பும் படங்களை நாசா வந்தபடியே பொதுமக்களுக்குப் போட்டுவைக்கும் பக்கத்தைக் கண்டுபிடித்தார். ஆயிரக்கணக்கான படங்கள். எண்ணும் தேதியும் உண்டு. இது இன்னது என்று சொல்லும் ஒரு வரி கிடையாது. அவரைப் பிடித்துக்கொண்டது அதுதான். அப்போதுதான் கொட்டிய குலை மாதிரி, இன்னும் எவரும் தரம் சொல்லாத கல்லும் மண்ணும்.

பத்து நாள் முடிந்த பிறகும் அவர் விடவில்லை. வேலைக்குப் போகுமுன் பத்து நிமிடம் புதுப் படங்களைப் பார்ப்பார். பிடித்ததை எடுத்து வைத்துக்கொள்வார்.

இதை ஊர்க் காரியமாக்கியவர் தேவன். தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், ரந்தாவில் டயர் கடை வைத்திருப்பவர், எதையும் தனியாக ரசிக்கத் தெரியாதவர். வாரா வாரம் எந்தப் படம் சிறந்தது என்று பொதுமக்கள் ஓட்டுப் போடலாம் என்பதைத் தங்கராஜுவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அன்றைக்கே 'செவ்வாய் கோலா சாவா' என்று வாட்சப்பில் ஒரு குழு ஆரம்பித்தார். மூன்று மாதத்தில் நூற்றெண்பது பேர் சேர்ந்தார்கள். பெடாஸ், சி ரூசா என்று எங்கிருந்தெல்லாமோ உறவுக்காரர்கள் வந்தார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்குச்சாவடிப் பக்கம் எட்டிப்பார்க்காதவர்கள் செவ்வாய்க்குத் தவறாமல் ஓட்டுப் போட்டார்கள்.

கொஞ்ச நாளில் அவர்கள் கல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். கல்லில் வேறொன்றைத் தேட ஆரம்பித்தார்கள். சிவப்பு வட்டம் போட்டுப் படங்கள் வந்தன. இதோ ஒரு கதவு. இதோ ஒரு கரண்டி. இதோ பெண் ஒருத்தி குந்தியிருக்கிறாள். தேவன் ஒரு நாள், "அண்ணே, பாருங்க. பிள்ளையார். தும்பிக்கை இடது பக்கம்" என்று அனுப்பினார். எழுபது பேர் கைகூப்பிய படத்தைப் போட்டிருந்தார்கள்.

தங்கராஜு பதில் எழுதினார்: "கல்."

கதவுக்கும் அதே பதில், கரண்டிக்கும் அதே பதில். முதலில் கோபித்துக்கொண்டவர்கள் பிறகு அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்தார்கள். தங்கராஜு சொன்னால் சரியாக இருக்கும் என்று குழுவில் ஒரு பேச்சு நிலைத்தது. நம்பிக்கை சேரச் சேர, அது வந்த வழியை மறப்பது எல்லோருக்கும் நடப்பதுதான்.

போன வருடம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். தலைமை ஆசிரியை உமா, தங்கராஜுவைக் கூப்பிட்டு, பன்னிரண்டு படங்கள் தேர்ந்து தரச் சொன்னார். பார்க்க வருகிறவர்கள் வட்ட ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டுப் போடுவார்கள். அதிக ஓட்டு வாங்கிய படத்தைப் பெரிதாக அச்சடித்து மண்டபச் சுவரில் நிரந்தரமாக வைப்பார்கள். தங்கராஜு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார். கைத்தொலைபேசி புதிது. பழையதிலிருந்த படங்களை சிரம்பானில் ஒரு கடையில் மாற்றித் தந்திருந்தார்கள். மூவாயிரத்துச் சொச்சம் படங்கள், தேதியெல்லாம் போய், ஒரே குவியலாகக் கிடந்தன.

கண்காட்சி அன்று ஏழாம் எண் படத்தின் முன்னால்தான் கூட்டம். மற்றப் படங்களில் கற்கள் சும்மா கிடந்தன. ஏழாவதில் ஒரு சரிவு, சரிவில் சிவப்புச் சரளை, நடுவே மேல்பக்கம் தட்டையான ஒரு கல், அதைச் சுற்றி வளைந்து போகும் ஐந்து கோடுகள், பின்னால் மங்கலான மஞ்சள் வானம். கோடுகள் ஊர்தியின் சக்கரத் தடம் என்று தேவன் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். அப்படியோர் இடத்தில் ஆளே இல்லாமல் ஒரு வண்டி போகிறதே என்று பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். படத்துக்குக் கீழே ஸ்டிக்கர்கள் ஒட்ட இடமில்லாமல் சுவரில் ஒட்டினார்கள்.

மத்தியானம் மயிலம்மாள் வந்தார். அறுபத்தொரு வயது. ஒப்பந்தக்காரர் வசந்தன் வேனில் தோட்டம் தோட்டமாகப் போய்க் களைக்கு மருந்து அடிப்பவர். அந்த வேனில் இப்போது இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும்தான் அதிகம். தமிழ்ப் பெண் அவர் ஒருவர். வேலை முடிந்து முகம் கழுவிக்கொண்டு நேரே வந்திருந்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஏழாவதில் நின்றார்.

"இது நம்ம பதினாலாம் நம்பர் காடு இல்ல?"

தோட்டத்தின் செம்பனைப் பகுதிகளை நம்பர் போட்டுக் காடு என்பார்கள். தேவன் பக்கத்தில் இருந்தார். "எதச் சொல்றீங்கக்கா?"

"இந்தப் படந்தான். அங்க வேலைன்னா இந்தத் தட்டக் கல்லு மேலதான் நான் சோத்துப் போசிய வைக்கிறது. பழைய மரத்தச் சாச்சிட்டு மண்ணு வெட்டுனாங்கள்ல, அப்ப புடிச்ச படம் போல."

"மயிலக்கா, கீழ பாருங்க. செவ்வாய் கிரகம்னு போட்டிருக்கு."

"நான் எழுத்தப் பாக்கலலா. கல்லப் பாக்குறேன். இந்தக் கோடு, மண்ணு வாருற மெசினோட பல்லு. கல்லு தட்டவும் வளைச்சி வெட்டிட்டுப் போனான். நான்தான் நின்னு கத்துனேன், வரிசை கோணுதுன்னு."

"சரி, அங்க எந்த வண்டியில போனீங்க? வசந்தன் வேன்லயா?"

சிரிப்பு எழுந்தது. மண்டபத்தின் மறுபக்கம் நின்ற வசந்தனும் சேர்ந்துகொண்டார். "என் வேன் பெடாஸ் தாண்டுறதே பெரிய காரியம். இதுல செவ்வாய் வேறயா."

மயிலம்மாள் சிரிக்கவில்லை. கூட்டத்தில் தங்கராஜுவைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். "தம்பி, நீ சொல்லு."

தங்கராஜு படத்தைப் பார்த்தார். அன்று காலையிலிருந்து இருபது தடவை பார்த்த படம். "நாசா படந்தான்க்கா. கல்லு எங்க கிடந்தாலும் கல்லு மாதிரிதான் இருக்கும்" என்றார்.

"சரி தம்பி. நீ பாத்தவன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தங்கராஜு பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். ஆனால் நம்புவதற்கும் பார்ப்பதற்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலைக்குத்தான் ஆலை அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அன்றைக்கு அவர் புரட்டவில்லை.

ஏழாம் எண் படம் ஜெயித்தது. மயிலம்மாளுக்கு நாசாக்கா என்று பெயர் விழுந்தது. விடிகாலையில் வேன் ஏறும்போது, "நாசாக்கா, இன்னிக்கி எந்தக் கிரகத்துல மருந்து?" என்று யாராவது கேட்பார்கள். அவர் முதலில் பதிலுக்குப் பதில் கொடுத்தார். "நீ இல்லாத கிரகத்துல." பிறகு பேசாமல் ஏறினார்.

கேலி கேலியாகவே இருந்திருந்தால் போயிருக்கும். வசந்தனுக்கு வேறு கவலை வந்துவிட்டது. களை மருந்து விஷம். அளவு பார்த்துத் தண்ணீரில் கலக்க வேண்டும். இந்த வயதில் தோட்டத்துக் கல்லையும் செவ்வாய்க் கல்லையும் வேறுபடுத்தத் தெரியாதவர் நாளைக்கு எதையாவது மாற்றிக் கலந்துவிட்டால் யார் பதில் சொல்வது? வசந்தன் கெட்டவர் அல்ல. மயிலம்மாளிடம் மெதுவாகத்தான் சொன்னார். "கொஞ்ச நாள் ஓய்வா இருங்கக்கா. கண்ண ஒருவாட்டி காட்டுங்க. அப்புறம் பாக்கலாம்." தோட்டத்தில் அப்புறம் பார்க்கலாம் என்றால் என்ன பொருள் என்று மயிலம்மாளுக்குத் தெரியும். அவருக்கு வேறு வருமானம் கிடையாது.

இந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தது தங்கராஜுவின் மனைவி மாதவி. செனவாங்கில் தொழிற்சாலை வேலை என்பதால் அவர் கண்காட்சிக்குப் போகவில்லை. கோவிலில் மயிலம்மாளைப் பார்த்துவிட்டு வந்து, சாயங்காலம் தேநீர் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அந்த அக்கா உளர்ற ஆளு இல்லைங்க. என்னதான் படம் அது?"

தங்கராஜு குழுவைத் திறந்து காட்டினார். தேவன் அச்சுக்குக் கொடுத்த ஏழாம் எண் படம். மாதவி அதை வாங்கிப் பார்த்தார். அடுப்பை அணைத்தார். தன்னுடைய தொலைபேசியை எடுத்து, அவர்கள் இருவரும் பேசிக்கொண்டவற்றை மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார்.

"முந்தின வருசம் ஜெரெபு வந்துச்சே, அந்தப் பக்கம் காடு எரிஞ்சி ஊரே பொகையா கெடந்துச்சே. அப்ப எனக்கு ஒண்ணு அனுப்புனீங்க."

அவர் நீட்டிய தொலைபேசியில் அதே சரிவு, அதே தட்டைக் கல், அதே ஐந்து கோடுகள். கீழே தங்கராஜு எழுதியது இருந்தது: "செவ்வாய்க்கு வந்து சேர்ந்துட்டேன். ராத்திரிக்குச் சப்பாத்தி." அதற்குக் கீழே மாதவி போட்ட சிரிக்கும் முகம்.

ஆலைக்குக் குறுக்கு வழியாக மோட்டர் சைக்கிளில் போகும்போது, புகைமூட்டத்தில் வானம் மஞ்சளாக இருக்கிறதே என்று வண்டியை நிறுத்தி எடுத்த படம். ஒரு வேடிக்கைக்கு எடுத்தது. அனுப்பியதோடு மறந்துபோனார்.

"இவ்வளவு நாளும் பிள்ளையார் படத்துக்கெல்லாம் கல்லு கல்லுன்னீங்க" என்றார் மாதவி. "கல்லுன்னு சொன்ன மனுசிய மட்டும் ஊரே சேந்து பைத்தியமாக்கிட்டீங்க."

தங்கராஜு தேநீரைக் குடிக்காமல் மோட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பதினாலாம் நம்பர் காட்டில் சிவப்பு என்று ஒன்றுமே இல்லை. புதுக்கன்றுகள் நட்டு, மண் அரிக்காமலிருக்கக் கொடி போட்டிருந்தார்கள். கொடி சரிவு முழுவதையும் மூடிப் பச்சையாகக் கிடந்தது. தங்கராஜு வரிசை வரிசையாக நடந்தார். ஓரிடத்தில் கன்று வரிசை நேராகப் போகாமல் வளைந்தது. அங்கே குனிந்து கொடியை இரண்டு கையாலும் விலக்கினார். தட்டைக் கல் இருந்தது. மேலே, அடிக்கடி எதையோ வைத்து எடுத்த இடம் மட்டும் பாசி பிடிக்காமல் சட்டி அளவுக்கு வட்டமாகத் தேய்ந்திருந்தது.

சனிக்கிழமை காலையில் பெரிய படத்தைத் திறந்துவைக்க ஏற்பாடாகியிருந்தது. வெள்ளிக்கிழமை தங்கராஜு மயிலம்மாள் வீட்டுக்குப் போனார். அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க சொன்னது சரி. நான் எடுத்த படந்தான் அது. பதினாலாம் நம்பருதான்."

மயிலம்மாள் கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டார். "எனக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியல."

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாங்க."

"நான் எதுக்கு? தப்பு பண்ணவன் நீ. நீ போய் சொல்லு."

"நீங்க இல்லாத எடத்துல சொன்னா அது கணக்கு இல்லக்கா. சம்பந்தப்பட்ட ஆள நிறுத்தி வச்சிட்டுதான் திருத்தணும். எங்க ஆலையில அப்படித்தான்."

"நான் என்ன ஒன் லோரி டிரைவரா?"

"இல்ல. இருந்தாலும் வாங்க."

மயிலம்மாள் இன்னொரு துணியை எடுத்தார். அதை உதறிக் கொடியில் போட்டார்.

மறுநாள் வந்தார். மண்டபத்தில் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவை ஒட்டி நின்றார். சுவரில் படம் எட்டடி நீளத்துக்கு இருந்தது. கீழே தடித்த எழுத்தில் 'செவ்வாய் கிரகம்' என்று தனியாக ஒட்டியிருந்தார்கள். தேவன் எல்லாவற்றையும் மஞ்சள் துணியால் மூடியிருந்தார். துணியை இழுத்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு தங்கராஜுவைப் பேச அழைத்தார்கள்.

அவர் ஒலிவாங்கியைக் கையில் வாங்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "இது செவ்வாய் இல்ல" என்றார். "பதினாலாம் நம்பர் காடு. ஜெரெபு நேரத்துல நான் எடுத்தது. மத்தப் படத்தோட கலந்து போச்சி. நான் சரியா பாக்காம குடுத்துட்டேன். மயிலக்கா அன்னைக்கே சொன்னாங்க. அவங்க கேட்டும் நான் பாக்கல. இல்லன்னுட்டேன்."

சிலர் திரும்பிப் படத்தைப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் முன்னால் கை தட்டிய அதே படம். ஒரு சரளைக் கல்கூட இடம் மாறவில்லை. ஆனால் இப்போது அவர்கள் பார்த்தது, வேலைக்குப் போகும் வழியில் தினமும் பார்த்து அலுத்த ஒரு மண்மேடு.

தேவன் அவர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசினார். "அண்ணே, இத ஏன் இப்ப சொல்றீங்க? ஒரு வாரம் முன்ன சொல்லியிருந்தா அச்சடிக்காம இருந்திருப்போம்ல. யாருக்குத் தெரியப் போவுது? எல்லாரும் ஆசையா ஓட்டுப் போட்டது இதுக்குத்தானே."

"இதுக்குப் போடல. செவ்வாய்க்குப் போட்டாங்க."

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு."

"அதனாலதான் நானும் ஏமாந்தேன்."

உமா டீச்சர்தான் முன்னால் வந்து, எழுத்தை எடுத்துவிடலாம், படம் இருக்கட்டும் என்றார். பின்பக்கம் மீகூன் சேமியாவும் தேநீரும் வைத்திருந்தார்கள். கூட்டம் அந்தப் பக்கம் நகர ஆரம்பித்தது.

தங்கராஜு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வசந்தனிடம் போனார்.

"அவங்க கண்ணு சரியாத்தான் இருக்கு வசந்தா. கோளாறு என் கண்ணுல."

வசந்தன் தலையைச் சொறிந்தார். "நானும் நீங்க சொன்னத வச்சித்தானண்ணே... சரிலா. திங்கக்கிழமைல இருந்து வரச் சொல்லுங்க."

மயிலம்மாள் மூன்றடி தள்ளித்தான் நின்றார். "நான் இங்கதான நிக்கிறேன். என்கிட்ட சொல்லு."

வசந்தன் அவர் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்கக்கா."

"குப்ப பொறுக்குறதுக்கா, மருந்துக்கா?"

"மருந்துக்குதான்க்கா. கலக்குறதும் நீங்கதான்."

"என் பம்புல தோள் வாரு அறுந்து கெடக்கு. மாத்தி வைக்கச் சொல்லு."

"மாத்தச் சொல்றேன்."

"இன்னொண்ணு. அந்த வேன்ல எனக்குப் பேரு மயிலம்மா. அதையும் சொல்லிடு."

வசந்தன் தலையாட்டினார். மயிலம்மாள் தங்கராஜுவைத் தாண்டிப் போனார். ஒரு தட்டில் மீகூன் போட்டு வாங்கிக்கொண்டு, படத்துக்கு முதுகைக் காட்டி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

உமா டீச்சர் அலுவலகத்திலிருந்து ஒரு சிறு கத்தியும் ஈரத் துணியும் கொண்டுவந்தார். தங்கராஜு ஏணியில் ஏறி, 'செவ்வாய் கிரகம்' என்ற எழுத்தை ஒவ்வொன்றாகச் சுரண்டினார். அச்சடித்தவன் பசையை நிறையப் போட்டிருந்தான். எல்லாவற்றையும் எடுத்து முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.